வரப்பின் மேல் விழுந்த கோடு

ஊரில் என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்குப் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "பூமியின் ஈர்ப்புவிசை மாறுவதை அளக்கிறோம்" என்றால், கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். "செயற்கைக்கோள் சம்பந்தப்பட்ட வேலை" என்றால், ராக்கெட் விடுகிற இடத்தில் யாரையாவது தெரியுமா, பேரனுக்குச் சொல்லி வைக்க முடியுமா என்பார். "நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மேலே இருந்து பார்க்கிறோம்" என்று சொன்னால் மட்டும் மல்லசமுத்திரத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதனால் அந்தப் பதிலையே வைத்துக்கொண்டேன். வந்த வினை எல்லாம் அந்தப் பதிலில்தான் தொடங்கியது என்று சொல்லலாம்.

வேலை இதுதான். இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரே பாதையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றுகின்றன. ஒரே ஊருக்கு லோடு ஏற்றிய இரண்டு லாரிகள் சேர்ந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முன்வண்டி இறக்கத்தைத் தொட்டதும் வேகம் எடுக்கும், இடைவெளி கூடும். பின்வண்டி அதே இறக்கத்துக்கு வந்ததும் இடைவெளி பழையபடி ஆகும். செயற்கைக்கோளுக்கு இறக்கம் என்பது கீழே கனம் அதிகமாக உள்ள இடம். அந்தக் கனம் முன்னால் போவதை முதலில் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் ஒரு தலைமுடியின் தடிமனை விடக் குறைவாக மாறினாலும் கருவி கண்டுபிடித்துவிடும். அதை வைத்து மாதத்துக்கு ஒரு படம் போடுகிறோம். கொல்லிமலையின் கனம் மாதா மாதம் மாறப்போவதில்லை. நிலத்தில் அப்படி மாறுவது பெரும்பாலும் தண்ணீர்தான்.

படத்துக்கு நிறம் கொடுப்பது என் பொறுப்பு. பல வருடச் சராசரியை விடக் கனம் கூடியிருந்தால் நீலம், குறைந்திருந்தால் சிவப்பு. நாடு முழுவதற்குமான படத்தை முதன்முதலில் போட்டபோது, சிவந்து கிடந்த இடங்களில் பலவற்றின் பெயர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமாக இருந்தது. எல்லாம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் எங்கள் வீட்டு ரிக் வண்டிகள் போய்ப் போர் போட்ட ஊர்கள். அப்பா அங்கிருந்து போன் பண்ணுவார், இத்தனை அடியில் தண்ணீர் என்று. அந்த வருமானத்தில்தான் நான் படித்தேன். இதை நினைத்து நான் வருத்தப்பட வேண்டும் என்று கூட வேலை செய்பவர்கள் சிலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றியதில்லை. தண்ணீர் கேட்டவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பிறகு வண்டிகளை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. அப்பா இருக்கும்போதே நிலத்தைப் பிரித்துவிட்டார். படிக்க வைத்ததே என் பங்கு என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். மிச்சத்தை நடுவில் கிழக்கு மேற்காக ஒரு வரப்பு பிரிக்கிறது. வரப்புக்கு வடக்கே அண்ணனின் தென்னந்தோப்பு. தெற்கே அக்காவின் மாட்டுக்கொட்டகையும், தீவனப்புல் போட்ட கொஞ்சம் நிலமும், பழைய கிணறும். கிணறு வரப்பை ஒட்டியே இருக்கிறது. அண்ணன் பக்கம் எங்கே வேண்டுமானாலும் போர் போட்டுக்கொள்ளலாம், கிணற்றுக்கு எதிரே இருக்கிற மூலையில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப் பேச்சுதான். அண்ணன் அதை மீறியதில்லை. தோப்பில் மற்ற இடங்களில் எல்லாம் துளை போட்டுச் சலித்துவிட்டார், அந்த மூலையை மட்டும் தொடவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அக்கா கறவை மாடுகளை வைத்துக்கொண்டு பால் ஊற்றி ஜீவனம் செய்கிறாள். கிணற்றில் காலையில் கொஞ்ச நேரம் மோட்டார் ஓடும், பிறகு ஊற வேண்டும். ஊறியது மறுநாளைக்கு. "எனக்கும் மாட்டுக்கும் போதும், அதுக்கு மேல நான் என்ன நெல்லா நடப்போறேன்" என்பாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் இருப்பதில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிருக்கு அடியில் இருந்தது அந்தக் கிணறு.

அந்தக் கோடையில் அண்ணனின் போர்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. நான் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது தென்னைகளின் அடிமட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. டேங்கர் தண்ணீர் ஊற்றிச் சில மரங்களைப் பிழைக்க வைத்திருந்தார். நாட்டில் பாதிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதர் சொந்தத் தோப்புக்கு டேங்கர் விடுவது அவருக்கு அவமானமாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, ஆனால் டேங்கர் வரும் நேரத்தில் எங்காவது கிளம்பிவிடுவார்.

கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டார். இந்த முறை உண்மையிலேயே கேட்டார். சொன்னேன். நிலத்தின் வடிவத்தையும் அளக்கிறோம், எங்கள் பக்கத்துப் பாறையில் பதித்த கருவி மழைக்காலத்தில் தண்ணீரின் பாரத்தால் துளியூண்டு தாழ்கிறது, தண்ணீர் வற்றினால் எழும்புகிறது என்றேன்.

"பாரம் எறக்குனா வண்டியோட ஸ்பிரிங் பட்டை எந்திரிக்கற மாதிரி" என்றார் உடனே.

நான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்லும் விஷயம் அது. எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசியாக வந்த படத்தைக் கேட்டார், போனில் அனுப்பினேன்.

மறுவாரம் போன் வந்தது. "பாப்பா, நீ அனுப்புன படத்தை ஆபீஸ்ல பெருசு பண்ணிப் பாத்தேன். நம்ம தோப்பு நீலத்துல வருது."

அண்ணனின் ஆபீசில் ஒரு பெரிய திரை உண்டு. எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று அதில் தெரியும். அந்த வரைபடத்தின் மேல் என் படத்தை ஏற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்.

"அண்ணா, அது தோப்பைக் காட்டற படம் இல்லீங்க. ஒரு கட்டம்னா நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்குமுங்க. சேலம், தர்மபுரி எல்லாம் சேத்து ஒரே நெறம்தான் அடிச்சிருக்குது."

"அது இருக்கட்டும். கட்டத்தோட கோடு எங்க வருது தெரியுமா? நேரா நம்ம வரப்பு மேல வருது. என்ற பக்கம் நீலம், தங்கச்சி பக்கம் செவப்பு."

அவர் சொன்னதில் ஒரு வேடிக்கை இருந்தது. நாங்கள் கட்டங்களைப் பிரிக்கும் பதினொன்றரை பாகை அட்சக்கோடு நிஜமாகவே மல்லசமுத்திரத்தை ஒட்டித்தான் போகிறது. இவ்வளவு வருடம் அந்தக் கோட்டைக் கையாண்டும் எனக்கு அது உறைத்ததில்லை. வரப்பின் மேல்தான் விழுகிறதா என்று கேட்டால், அந்தப் படத்தில் கோட்டின் தடிமனே எங்கள் தோப்பை விடப் பெரிது.

"அது கணக்குக்காக நாங்க போட்ட கோடுங்கண்ணா. எங்கயாவது ஒரு பக்கம் போட்டுத்தான ஆகோணும். பாறைக்கு அது தெரியாதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு ஒண்ணு நீலம், ஒண்ணு செவப்பு?"

"ரெண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்துல நிக்குதுங்க. ஒண்ணு மயிரளவு மேல, ஒண்ணு மயிரளவு கீழ. அளக்கறதுல வர்ற பிழையே அதை விடப் பெருசு."

"வித்தியாசம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க, ஆனா..."

"இருக்குதுன்னா இருக்குதுதான்."

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். வடக்கே இருக்கும் தண்ணீர் வேறு, தெற்கே இருக்கும் தண்ணீர் வேறு என்று படமே சொல்கிறது. ஆகவே அந்த மூலையில் போர் போட்டாலும் அக்காவின் கிணற்றுக்கு எதுவும் ஆகாது. அப்பா காலத்தில் இந்த வசதி இல்லை, தெரிந்திருந்தால் அவரே தடுத்திருக்க மாட்டார். "நீயே கோடு போட்டுக் குடுத்துட்ட பாப்பா" என்றார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி, தந்திரம் எதுவும் இல்லை. வரப்பு என்றால் அடிவரைக்கும் வரப்புதான் என்று நம்புகிற ஊர் அது. மேலே பிரித்த நிலத்துக்குக் கீழேயும் ஒரு பிரிவினை இருக்க வேண்டும், அதைக் காட்டும் கருவிதான் இதுவரை வரவில்லை என்று அவர் நினைத்திருந்தார். வந்துவிட்டது, அதுவும் தங்கை கையாலேயே.

நான் இன்னொரு தடவை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை வண்டி வருகிறது என்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் வந்து சொல்லீட்டுத்தான் போனாரு சாமி. என்ற பக்கம் செவப்பாமே."

"அக்கா, நீங்க வேண்டாம்னு சொல்லுங்க. உங்க பேச்சைக் கேப்பாரு."

"நான் எப்படிச் சொல்லுவேன்? தென்னை காயறது எனக்குச் சந்தோசம்னு ஆயிரும். படிச்சவ நீ, நீ சொல்லியே கேக்கல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நெசமாவே ரெண்டும் வேற வேற தண்ணியா?"

"இல்லீங்கக்கா. பாறை வெடிப்புல இருக்கற தண்ணி. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொடுப்பு."

"எனக்குத் தெரியும். நீ வாயத் தொறந்து சொல்லோணும்னு கேட்டேன்."

வியாழக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது ரிக் வண்டி மூலையில் ஏறி நின்றிருந்தது. எங்கள் வண்டி இல்லை, திருச்செங்கோட்டிலிருந்து வேறொருவருடையது. சொந்த வண்டியைச் சொந்த நிலத்தில் இறக்கக் கூடாது என்பது அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். காரணம் யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத அந்தப் பழக்கத்தை அண்ணன் விடவில்லை, காரணம் தெரிந்த இன்னொன்றை அன்றைக்கு விட்டார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

சூடம் கொளுத்தி எலுமிச்சை அறுத்து வைத்தார்கள். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரை எங்கும் காணோம். அவர் இல்லாமல் அண்ணன் ஒரு போரும் போட்டதில்லை.

"தேங்காய் பாக்கறவரைக் கூப்பிடலீங்களா?" என்றேன்.

"உன்ற படத்துக்கு மேல அவரு என்ன சொல்லப்போறாரு?" என்றவர் ரிக் ஆட்களிடம் திரும்பி, "பாப்பா ஆகாசத்துல இருந்து பாத்துக் குடுத்த பாயிண்டு" என்றார்.

"நான் எந்தப் பாயிண்டும் குடுக்கலீங்க" என்று சொன்னேன். அவர்கள் அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

கம்பரசர் ஓட ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. கற்பொடி வெள்ளையாகக் கிளம்பித் தென்னை ஓலை, கொட்டகைக் கூரை, கிணற்று மேடு எல்லாவற்றிலும் படிந்தது. தண்ணீர் இல்லாமல் பொடி மட்டும் வருவதை ரிக்காரர்கள் புகை என்பார்கள். மத்தியானம் வரைக்கும் புகைதான். அக்கா மாடுகளைக் கொட்டகைக்குள் கட்டிவிட்டு, ஒரு பெரிய குண்டாவில் மோர் கரைத்துக்கொண்டு வந்து ரிக் ஆட்களுக்கு ஊற்றினாள். தண்ணீர் தேடி வந்தவர்களைத் தாகத்தோடு விடக் கூடாது என்றாள். அவர்கள் அவளுடைய தண்ணீரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கொடுத்த மோரைக் குடிக்க முடியவில்லை. புகையே வரட்டும், புகையோடு முடியட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஈர்ப்புவிசை படித்தவள் வேண்டிக்கொள்வதால் ஏதாவது ஆகும் என்று நினைக்கவில்லை, இருந்தாலும் வேண்டினேன்.

பிற்பகலில் பொடி கறுத்தது. பிறகு சேறாக வழிந்தது. துளைக்குள் அடுத்த இரும்பு ராடு இறங்கும்போது தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. ரிக் ஆட்கள் நனைந்துகொண்டே சிரித்தார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை போர் பார்த்தவர், ஒன்றுக்கும் கலங்கியதில்லை. அந்த நிமிடம் எனக்கும் சந்தோஷமாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

புதுப் போரில் வரும் முதல் குடத்தை அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அண்ணன் குடத்தைத் துணியால் வடிகட்டி நிரப்பி, வரப்பைத் தாண்டிக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். அக்கா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

"ருசி தெரிஞ்ச ருசிதானுங்கண்ணா" என்றாள். மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள்.

அண்ணனுக்கு அது காதில் ஏறவில்லை. அன்று சாயந்திரமே மோட்டார் இறக்கி ஓடவிட்டார். காய்ந்த தோப்பு, பகலும் இரவுமாகக் குடித்தது.

நான் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தேன். காலையில் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து, கிணற்றைப் பார்த்துவிட்டுப் போ என்றாள். போய்ப் பார்த்தேன். மோட்டாரின் குழாய் முனை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வெகு கீழே கொஞ்சம் சேறு. சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் வரைக்கும் ஈரம் இன்னும் காயவில்லை.

சொல்லி அனுப்பாமலே அண்ணன் வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான துக்கம் இருந்தது. தங்கை மேல் அவருக்கு எப்போதும் பாசம் உண்டு.

"படம் முன்னாடியே சொல்லிருச்சே" என்றார். "இந்தப் பக்கம் செவப்புன்னு காட்டுச்சே. அப்பவே நாம எதாவது பண்ணியிருக்கோணும்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சூடாகிறது. நீலத்தில் தண்ணீர் வந்துவிட்டது, சிவப்பில் வற்றிவிட்டது. என் படம் இரண்டு தடவை மெய்யாகிவிட்டது. இதற்கு மேல் எதைச் சொல்லி அவருக்கு விளக்குவது?

"அண்ணா, அங்க வர்றது இந்தத் தண்ணிதானுங்க" என்றேன். "இங்க இருந்துதான் அங்க போயிருக்குது."

அவர் என்னைப் பார்த்தார், மறுபடி கிணற்றைப் பார்த்தார். "அப்படி எப்படிப் போகும், நடுவுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

 அக்கா கொட்டகைக்குப் போய் மாடுகளை அவிழ்த்தாள். வரப்பின் மேலிருந்த முள்வேலியைக் கோலால் ஒரு பக்கமாகத் தள்ளி வழி செய்து, ஒவ்வொன்றாகத் தாண்ட வைத்து, அண்ணனின் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். அண்ணன் பின்னாலேயே போயிருந்தார்.

"செவப்புல இருந்து ஓட்டிட்டு வந்திருக்கறனுங்கண்ணா" என்றாள். "குடிக்கட்டுங்களா?"

 தொட்டிக்கு மறைப்பாக நின்றிருந்த அண்ணன் விலகி நின்றார். மாடுகள் குடித்தன. யாரிடமும் எதுவும் கேட்காதவள் அன்றைக்கு முதன்முதலாகக் கேட்டாள், அதுவும் தன் தண்ணீரையே. நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அடுத்த மாதப் படத்தை நானேதான் போட்டேன். வேலையில் அந்தப் பகுதியைத் தனியாகப் பார்க்க எனக்கு எந்தக் காரணமும் கிடையாது. இருந்தும் பார்த்தேன். அக்காவின் கிணறு வற்றியதற்கு எந்த அடையாளமும் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. தெற்கே இருந்த தண்ணீர் வடக்கே நகர்ந்ததில் பூமியின் கனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த இரண்டு செயற்கைக்கோள்களும் எங்கள் வரப்பை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கும், அவற்றைப் பொறுத்தவரை அங்கே எதுவும் நடக்கவில்லை. என் அளவீடு சரி என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை. அந்தச் சரியால் அக்காவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஆகவில்லை என்பது மட்டும் வலித்தது.

ஒரே ஒரு மாற்றம் இருந்தது. கரூர்ப் பக்கம் கோடை மழை பெய்திருந்தது. அதனாலோ, வெறும் அளவுப் பிழையாலோ, தெற்குக் கட்டத்தின் எண் பூஜ்யத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது.

அன்று சாயந்திரம் அக்காவிடம் பேசும்போது அவளே கேட்டாள். "இந்த மாசத்துப் படம் வந்துருச்சா? என்ற பக்கம் இப்ப என்ன நெறம்?"

சொல்லலாமா என்று யோசித்தேன். "நீலமுங்கக்கா."

 அக்கா சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள், கடைசியில் அது சிரிப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணங்கிட்டச் சொல்லீராத சாமி" என்றாள். "இங்கயும் ஒரு வண்டியக் கொண்டாந்து நிறுத்தீருவாரு." பின்னால் மாடு கத்தியது. "செரி, போனை வெக்கறேன். இதுகளை அண்ணன் தொட்டிக்கு ஓட்டிட்டுப் போகோணும்."